சங்கத்தின் மின்னஞ்சலும் தபால் வரவு ஒழுங்கும்

கூட்டுறவுச் சங்க அலுவலகத்திற்குக் கடிதம் ஒன்று வந்தால் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பது நெடுநாளாக வகுக்கப்பட்ட முறையாகும். உறையைப் பிரித்தவுடன் தேதி முத்திரை இட வேண்டும். தபால் வரவுப் பதிவேட்டில் தொடர் எண் கொடுத்து, அனுப்பியவர் யார், பொருள் யாது, எவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பனவற்றைக் குறிக்க வேண்டும். செயலாளர் பார்வையிட்டுச் சுருக்கொப்பம் இட்ட பின்னரே கடிதம் உரிய கோப்பினைச் சேரும். இம்முறையைக் கைக்கொள்ளும் சங்கத்தில் கடிதம் காணாமற்போவது அரிது.

ஆனால் இந்நாளில் சங்கத்திற்கு வரும் கடிதங்களுட் பெரும்பகுதி தபால்காரர் கையில் வருவதில்லை, மின்னஞ்சலில் வருகின்றது. நூல் விலைப்பட்டி, ஜவுளிக் கொள்முதல் ஆணை, வங்கியின் கணக்கு விவரம், வரி அறிவிப்பு, துறை அலுவலகத்தின் குறிப்பாணை ஆகிய யாவும் அவ்வழியே வந்து சேர்கின்றன. காகிதத்திற்குக் காட்டிய ஒழுங்கை நாம் இதற்கும் காட்டுகின்றோமா என்பதே கேள்வி. ஆய்வுக்குச் செல்லும் இடங்களில், பதிவேட்டில் ஒரு வரியும் பிசகாத சங்கங்களிலும் மின்னஞ்சல் பெட்டியில் படிக்கப்படாத கடிதங்கள் ஆயிரக்கணக்கிற் கிடப்பதைக் காண்கின்றோம். அப்பெட்டியை ஒழுங்குபடுத்தும் எளிய முறையை அங்கத்தினர்களும் பணியாளர்களும் அறிந்துகொள்ளும் பொருட்டு இப்பாடம் எழுதப்படுகின்றது.

1. வந்ததும் படித்ததும்

முதற்கண் சட்டத்தின் நிலையை அறிதல் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13-ஆம் பிரிவில், மின்னணுப் பதிவு எப்பொழுது பெறப்பட்டதாகக் கருதப்படும் என்பதைக் கூறுகின்றது. பெறுபவர் தமக்கென ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், அம்முகவரிக்குரிய கணினியமைப்பில் கடிதம் நுழைந்த நேரமே அது பெறப்பட்ட நேரமாகும். நாம் அதனைத் திறந்த நேரம் கணக்கில் இல்லை. அவ்வாறே 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 169-ஆம் பிரிவின்படி, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அறிவிப்பை அனுப்புவதும் முறையான சார்வு ஆகும். கணக்கு விவரம் தாக்கல் செய்யாதவர்க்கு அச்சட்டத்தின்படி அனுப்பப்படும் அறிவிப்பின் தவணை 15 நாட்களே. அந்த 15 நாட்களும் கடிதம் பெட்டியில் அடியிற் கிடந்தால், 'நாங்கள் பார்க்கவில்லை' என்ற விடை எடுபடாது.

இதனால் விளையும் நட்டம் யாருடையது? ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நெசவாளர் சங்கம் ஒன்று தள்ளுபடி மானியத்திற்குக் கோரிக்கை அனுப்பியிருக்கின்றது. ஒரு சான்று குறைகின்றது என்று உதவி இயக்குநர் அலுவலகம் மின்னஞ்சலில் எழுதுகின்றது. அக்கடிதம் ஒரு மாதம் பார்வைக்குத் தப்பிவிடுகின்றது. வரவேண்டிய தொகை 5,00,000 ரூபாய் என்றும், அதுவரை சங்கம் காசுக்கடனைக் கொண்டு நடைபெறுகின்றது என்றும், வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு மாதத்தின் விலை 5,000 ரூபாய் ஆகும். இப்பணம் தறியில் உட்கார்ந்து பாடுபடும் அங்கத்தினரின் பணமேயன்றி வேறன்று. வேளாண்மைச் சங்கங்களிலும் அப்படியே. 2016 முதல் நடைபெற்றுவரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்தல் போன்ற இடஞ்சார்ந்த இழப்பை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும். சனிக்கிழமை மாலையில் ஓர் அங்கத்தினர் சங்கத்திற்கு எழுதிய கடிதம் விளம்பரங்களின் கீழ் மறைந்து, புதன்கிழமை கண்ணிற் படுமாயின் அதனால் யாருக்குப் பயன்?

2. பெயர்ச்சீட்டு என்னும் லேபிள்

நூற்கிடங்கில் வேலை செய்பவர்க்கு இதனை விளக்குவது எளிது. 40-ஆம் நம்பர் நூலும், 80-ஆம் நம்பர் நூலும், சாயம் ஏற்றியதும், ஏற்றாததும் ஒரே குவியலாகக் கிடந்தால் பாவு ஓட்ட முடியுமா? ஒவ்வொரு கட்டிலும் சீட்டுக் கட்டி அடுக்கிவைத்தால் வேண்டியதை வேண்டியபொழுது எடுக்கலாம். மின்னஞ்சலில் இச்சீட்டிற்கு லேபிள் என்று பெயர்.

நம் சங்கங்களிற் பலவும் பயன்படுத்தும் ஜிமெயில், 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி கூகுள் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. கடிதங்களைக் கோப்புறைகளில் இடும் பழைய முறைக்கு மாறாக, அது லேபிள் முறையைக் கையாள்கின்றது. வேறுபாடு யாதெனில், இரும்பு அலமாரியில் ஒரு காகிதம் ஒரு கோப்பில்தான் இருக்க முடியும். லேபிள்களோ ஒரே கடிதத்திற்கு இரண்டு, மூன்று இருக்கலாம். தேசிய கைத்தறி வளர்ச்சிக் கழகத்திலிருந்து நூலுக்கான பட்டியல் வருகின்றது. அது 'நூல் கொள்முதல்' என்பதிலும் சேர வேண்டும். வரி வரவு எடுப்பதற்காக 'ஜி.எஸ்.டி.' என்பதிலும் சேர வேண்டும். இரண்டு லேபிள்களையும் ஒட்டிவிட்டால், எதனைத் திறந்தாலும் அக்கடிதம் கிட்டும். ஒரு லேபிளை நீக்கிவிட்டாலும் கடிதம் அழிவதில்லை. சீட்டு மட்டுமே போகின்றது.

கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் இடப்புறத்துப் பட்டியலில் 'லேபிள்ஸ்' என்னும் சொல்லருகே கூட்டற்குறி ஒன்று தோன்றும். அதனை அழுத்திப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். வேறுபாடு தெரிய நிறமும் கொடுக்கலாம். ஒரு லேபிளின் கீழ் உட்பிரிவும் அமைக்கலாம்.

நெசவாளர் சங்கத்திற்குப் பின்வரும் லேபிள்கள் போதுமானவை: நூல் கொள்முதல், சாயம், கோ-ஆப்டெக்ஸ், வெளி ஆணைகள், மத்தியக் கூட்டுறவு வங்கி, கைத்தறித் துறை, ஜி.எஸ்.டி.; தணிக்கை; அங்கத்தினர் கடிதம்.

வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திற்கு இவை பொருந்தும்: பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, உரமும் விதையும், கொள்முதல், மத்தியக் கூட்டுறவு வங்கி, கூட்டுறவுத் துறை, ஜி.எஸ்.டி.; தணிக்கை; அங்கத்தினர் கடிதம்.

பத்துக்கு மேற் பெருக்குதல் வேண்டா. லேபிள்கள் நாற்பது ஆனால் எதில் இட்டோம் என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

இவையன்றி, கையினால் மட்டுமே ஒட்டவும் எடுக்கவும் வேண்டிய லேபிள்கள் இரண்டு உண்டு. ஒன்று, 'பதில் வேண்டும்' என்பது. மற்றொன்று, 'குழுவின் பார்வைக்கு' என்பது. இவற்றின் சிறப்பைப் பின்னர்க் கூறுவோம்.

3. வடிகட்டி என்னும் ஃபில்டர்

நாள்தோறும் வரும் கடிதங்கள் ஒவ்வொன்றிற்கும் கையால் சீட்டு ஒட்டிக்கொண்டிருத்தல் இயலாது. அவ்வேலையைக் கணினியே செய்யுமாறு கட்டளையிட்டு வைக்கலாம். அக்கட்டளைக்கு ஃபில்டர், அதாவது வடிகட்டி என்று பெயர். களத்தில் சல்லடை எவ்வளவு பருமனுள்ள மணியை விடுவது, எதனை நிறுத்துவது என்பதை அதன் கண்ணே தீர்மானிப்பதுபோல, இன்ன முகவரியிலிருந்து வந்தால், இன்ன சொல் பொருள்வரியில் இருந்தால், இன்னது செய் என்று நாம் வகுத்துவிட்டால், அடுத்து வரும் கடிதம் ஒவ்வொன்றும் அவ்விதியின்படி நடத்தப்பெறும்.

அமைக்கும் முறை வருமாறு. இதனைக் கைபேசியில் முயலாமல் கணினியிற் செய்தல் வேண்டும். கணினியில் அமைத்த விதி கைபேசியிலும் பயன் தரும்.

முதலாவது, பக்கத்தின் மேலுள்ள தேடற்கட்டத்தின் வலப்புற ஓரத்தில் உள்ள சிறு குறியை அழுத்துக. ஒரு படிவம் விரியும். அதில் அனுப்புநர், பெறுநர், பொருள், அடங்கிய சொற்கள், அடங்காத சொற்கள், கடிதத்தின் அளவு, இணைப்பு உண்டா என்னும் இனங்கள் இருக்கும்.

இரண்டாவது, வேண்டிய இனத்தை மட்டும் நிரப்புக. அனுப்புநர் இனத்தில் முழு முகவரியை எழுதுவதே முறை. முன்பு வந்த மெய்யான கடிதத்தைத் திறந்து அதிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்க.

மூன்றாவது, உடனே விதியாக்காமல், முதலில் தேடிப் பார்க்க. உரிய பழைய கடிதங்கள் வருகின்றனவா, வேண்டாதவை கலக்கின்றனவா என்பது அப்பொழுதே விளங்கும். சாயத் தொட்டியில் முழு நூலையும் போடுமுன் ஒரு கழியை நனைத்துப் பார்ப்பது போன்றது இது.

நான்காவது, மீண்டும் படிவத்தைத் திறந்து, 'கிரியேட் ஃபில்டர்' என்பதை அழுத்துக. செய்யத்தக்க செயல்கள் வரிசையாகத் தோன்றும்: இன்பாக்ஸில் நிறுத்தாமல் உள்ளே அனுப்புதல், படித்ததாகக் குறித்தல், விண்மீன் குறி இடுதல், லேபிள் ஒட்டுதல், வேறொருவர்க்கு அனுப்புதல், அழித்தல், ஸ்பாமில் இடாதிருத்தல் முதலியன. வேண்டியவற்றில் குறியிடுக.

ஐந்தாவது, பழைய கடிதங்களுக்கும் லேபிள் வேண்டுமாயின், அதே பக்கத்தில், பொருந்தும் முந்தைய கடிதங்களுக்கும் இவ்விதியைச் செலுத்துக என்னும் இனத்தையும் குறிக்க வேண்டும். இதனைக் குறிக்காவிடில் இனி வரும் கடிதங்களுக்கு மட்டுமே விதி செல்லும்.

அவுட்லுக் முதலிய பிற சேவைகளைப் பயன்படுத்துவோர் அங்கு இதனை 'ரூல்' என்ற பெயரிற் காண்பர். பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே.

4. எதனை வடிகட்டலாம், எதனை வடிகட்டலாகாது

இப்பாடத்தின் உயிர்நாடியான பகுதி இதுவே. கடிதம் எங்கிருந்து வந்தது என்பதைக் கணினி அறியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைக் கணினி அறியாது. அதனை மனிதர்தாம் அறிதல் வேண்டும். ஆகவே வடிகட்டிகளை இருவகையாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதல் வகை, லேபிள் மட்டும் ஒட்டி, கடிதத்தை இன்பாக்ஸிலேயே நிறுத்துவது. துறை அலுவலகம், வங்கி, வரித் தளம், தணிக்கை, கொள்முதல் ஆணை, அங்கத்தினர் கடிதம் ஆகியவற்றிற்கு இவ்வகையே உரியது. வேண்டுமானால் விண்மீன் குறியும் இடலாம். இவற்றைப் 'படித்ததாகக் குறி' என்று ஒருபோதும் கட்டளையிடலாகாது. ஒருவரும் படிக்காத கடிதத்தைப் படித்ததாகக் காட்டுவது, பார்வையிடாத பதிவேட்டில் கையொப்பம் இடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் வகை, லேபிள் ஒட்டி இன்பாக்ஸிலிருந்து உள்ளே அனுப்பிவிடுவது. விளம்பரம், விற்பனை அழைப்பு, சமூக வலைத்தளங்களின் அறிவிப்பு ஆகியவற்றிற்கு இது தகும். உள்ளே அனுப்பப்பெற்ற கடிதம் அழிவதில்லை; லேபிளின் கீழும், 'ஆல் மெயில்' என்னும் மொத்தத் தொகுப்பிலும் இருக்கும்.

விளம்பரங்களைப் பிரிக்கப் பலர் ஒரு குறுக்கு வழியைக் கையாள்வர். விளம்பரக் கடிதங்களின் அடியில் ஆங்கிலத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற சொல் இருப்பது வழக்கம். அச்சொல் உள்ளவற்றை எல்லாம் உள்ளே அனுப்பு என்று விதி செய்வர். வழி நல்லதே, ஆயினும் வங்கிகளும் சில தளங்களும் அனுப்பும் மெய்யான கடிதங்களிலும் அச்சொல் காணப்படுவதுண்டு. நெல்லைத் தூற்றும்பொழுது பதருடன் மணியும் பறந்துவிடாமற் பார்ப்பது உழவர் வழக்கமன்றோ? ஆதலின், வங்கி, துறை ஆகியவற்றின் முகவரிகள் அவ்விதியில் அகப்படாதவாறு விலக்கிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை 'விளம்பரம்' லேபிளைத் திறந்து கண்ணோட்டம் இடவும் வேண்டும்.

'அழித்தல்' என்னும் செயலைச் சங்கக் கணக்கில் எந்த விதிக்கும் கொடாதிருத்தலே நன்று. அழிக்கப்பட்டவை குப்பைப் பெட்டியில் 30 நாட்கள் மட்டுமே இருக்கும், பின்பு மீளா. ஸ்பாம் பெட்டிக்கும் அதே 30 நாட்கள்தாம். நல்ல கடிதங்கள் ஸ்பாமிற் போய் விழுவது உண்டாதலால், அதனையும் வாரந்தோறும் பார்த்தல் வேண்டும்.

5. கள்வர் வைக்கும் வடிகட்டி

நமக்கு உதவும் கருவி கள்வர்க்கும் உதவும் என்பதை மறத்தலாகாது. சங்கத்தின் கடவுச்சொல்லைத் திருடியவன், முதலிற் செய்யும் வேலைகளுள் ஒன்று, தானே ஒரு வடிகட்டியை அமைப்பதாகும். ஜவுளி வாங்குபவரிடமிருந்து வரும் கடிதங்களின் நகல் தன் முகவரிக்குச் செல்லுமாறும், வங்கியின் எச்சரிக்கைகள் நம் கண்ணிற் படாமல் மறையுமாறும் விதி செய்துவிடுவான். பின்னர் நம் பெயரால், 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. இனி இக்கணக்கிற் செலுத்துக' என்று வாங்குபவர்க்கு எழுதுவான். பணம் போன பின்பே செய்தி தெரியவரும்.

இதற்கு மாற்று எளிது. மாதம் ஒருமுறை, செட்டிங்ஸ் பகுதியில் 'ஃபில்டர்ஸ்' என்ற பக்கத்தையும் 'ஃபார்வர்டிங்' என்ற பக்கத்தையும் திறந்து, நாம் அமைக்காத விதி எதுவும் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும். இருந்தால் உடனே அதனை நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, இருபடிச் சரிபார்ப்பைச் செயற்படுத்த வேண்டும். பணம் களவு போயிருந்தால் 1930 என்னும் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணிற்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். மேலும், கடிதத்தின் மேல் தோன்றும் பெயர் எவரும் இட்டுக்கொள்ளத்தக்கது. முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தே விதி செய்க. வங்கிக் கணக்கு மாற்றத்தைக் கூறும் எக்கடிதத்தையும், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யாமல் நம்பற்க.

6. கடைப்பிடிக்க வேண்டிய முறை

வடிகட்டி எவ்வளவு நன்கு அமைந்தாலும், மனிதர் பார்வை இல்லையேல் பயனில்லை. எனவே பின்வரும் முறையைச் சங்கங்கள் மேற்கொள்ளலாம்.

நாள்தோறும் காலையிலும் மாலையிலும் பொறுப்பான பணியாளர் ஒருவர் பெட்டியைத் திறக்க வேண்டும். விடை எழுத வேண்டிய கடிதத்திற்குத் தம் கையால் 'பதில் வேண்டும்' என்ற லேபிளை ஒட்டி, தபால் வரவுப் பதிவேட்டில் எண்ணும் கெடு நாளும் குறிக்க வேண்டும். விடை அனுப்பிய பின்னரே அந்த லேபிளை எடுக்க வேண்டும். ஆகவே, அந்த லேபிளைத் திறந்தால் தெரிவது சங்கத்தின் நிலுவைப் பட்டியலே.

வாரந்தோறும் செயலாளர் 'பதில் வேண்டும்', ஸ்பாம், விளம்பரம் ஆகிய மூன்றையும் பார்வையிட வேண்டும்.

மாதந்தோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் 'குழுவின் பார்வைக்கு' என்ற லேபிளில் உள்ளவை படிக்கப்பெற வேண்டும். அன்றே வடிகட்டிப் பட்டியலையும் சரிபார்க்கலாம். சேமிப்பு இடத்தையும் நோக்க வேண்டும். இலவசக் கணக்கிற்குரிய 15 ஜிபி இடம், படங்களும் கோப்புகளும் சேர்ந்து நிரம்பிவிட்டால், புதிய கடிதங்கள் உள்ளே வாரா, அனுப்பியவர்க்கே திரும்பிவிடும்.

ஆண்டுதோறும், அல்லது பணியாளர் மாறும்பொழுதெல்லாம், கணக்கு சங்கத்தின் பெயரில் உள்ளதா, மீட்புக்குரிய தொலைபேசி எண் சங்கத்தின் எண்தானா, வரித் தளத்திலும் வங்கியிலும் கொடுத்துள்ள முகவரி இதுவேதானா என்று சரிபார்க்க வேண்டும். வரிப்பதிவு செய்துகொடுத்த கணக்காளரின் சொந்த முகவரியே பல ஆண்டுகளாகத் தளத்தில் இருந்துவரின், அறிவிப்புகள் அவருக்கே செல்லும், சங்கத்திற்கு வாரா. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில், சாவிகளோடும் கைரொக்கத்தோடும், மின்னஞ்சல் கணக்கும் ஓர் இனமாக இடம்பெறுதல் வேண்டும்.

7. அங்கத்தினர் கவனத்திற்கு

இவை அலுவலகத்தார் பாடு, நமக்கென்ன என்று அங்கத்தினர் இருந்துவிடலாகாது. சங்கம் அங்கத்தினருடையது, அதன் கடிதப் பெட்டியும் அவர்களுடையதே. பேரவைக் கூட்டத்தில் வரவு செலவைக் கேட்பதுபோல, 'விடை எழுதப்படாத கடிதங்கள் எத்தனை?' என்றும் கேட்கலாம். அவ்வொரு கேள்வி ஆண்டுதோறும் எழுமாயின், பெட்டி தானே ஒழுங்குபடும். தம் இல்லத்திலும், பிள்ளைகளின் கைபேசியில் உள்ள கணக்கில், வங்கி, காப்பீடு, கல்வி உதவித்தொகை என்று மூன்று லேபிள்களை அமைத்துப் பழகினால், இம்முறையின் அருமை விரைவில் விளங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. கடிதம் பெறப்பட்ட நேரம் எது என்று 2000-ஆம் ஆண்டின் சட்டம் கூறுகின்றது?

2. கோப்புறைக்கும் லேபிளுக்கும் உள்ள வேறுபாட்டை நூல் கொள்முதல் பட்டியலைக் கொண்டு விளக்குக.

3. எவ்வகைக் கடிதங்களை இன்பாக்ஸிலிருந்து உள்ளே அனுப்பலாகாது? ஏன்?

4. 'பதில் வேண்டும்' என்ற லேபிளைக் கணினியிடம் விடாமல் கையால் ஒட்டுவது எதற்காக?

5. உங்கள் சங்கத்தின் வடிகட்டிப் பட்டியல் கடைசியாக எந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டது? அலுவலகத்திற் கேட்டு எழுதுக.